வேறொருத்தி கழுவிய குளம்

பதினொரு வருடமாக நான் ஒரு நீச்சல்குளத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். பலெர்மோவில் நான் வேலை செய்கிற சிஞ்ஞோராவின் வீட்டுப் பின்வளவில் இருக்கிறது அது. வீட்டுக்கார அம்மாவை இங்கே சிஞ்ஞோரா என்றுதான் சொல்லுவோம். காலையில் போனதும் நீளத்தடி வலையால் பைன் மரத்து ஊசியிலைகளை அள்ள வேண்டும், சுவரோரத்துப் பாசியைத் தேய்க்க வேண்டும், குளோரின் அளவு பார்த்துப் போட வேண்டும். அந்தக் குளத்தின் அடியில் எந்த ஓடு வெடித்திருக்கிறது என்பது சிஞ்ஞோராவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் நான் ஒருநாளும் இறங்கியதில்லை.

ஒருமுறை சிஞ்ஞோராவே, நல்ல மனுசிதான், நீயும் ஒருநாள் இறங்கேன் என்று சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், முதலில் ஷவரில் நன்றாகக் குளித்துவிட்டு இறங்கு என்றும் சொன்னார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! நான் தேய்த்த சுவர், நான் போட்ட குளோரின், அதை நான் ஊத்தையாக்கிவிடுவேனாம். "கிராட்சியே சிஞ்ஞோரா" என்று நன்றி சொல்லிவிட்டு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே குளோரினைக் கொட்டினேன்.

பலெர்மோவில் வேறு குளமில்லையா, கடலில்லையா என்று கேட்பீர்கள். எல்லாம் இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சனமும் இருக்கிறதே! நான் நீச்சலுடுப்போடு ஒரு குளத்தில் கால் வைத்தால், ஈரம் காய்வதற்கு முன்னமே அந்தக் கதை வியா மக்வேதாத் தெரு முழுக்க நடந்து, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயும் போய்விடும். ஆகவே ஆசையை மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். என் ஆசை பெரிய ஆசையில்லை. உயரமான ஒரு தண்ணீர்ச் சறுக்கில் வழுக்கி வந்து, தொம்மென்று குளத்தில் விழ வேண்டும். அந்தக் குளத்தை வேறு யாராவது கழுவியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் தங்கை யப்பானில் இருக்கிறாள். அவளுடைய புருஷனுக்கு அங்கே பழைய வாகனங்களைக் கப்பலில் ஏற்றிவிடுகிற வேலை. "மூண்டு கிழமை வந்து நில்லுங்கோ அக்கா" என்று அவள் கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, "அங்கை சறுக்குக் குளம் இருக்கோ?" என்றுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். "இந்த வயதிலை உமக்கென்ன தண்ணி விளையாட்டு?"

"ஏன், நீங்கள் இந்த வயதிலை பார்க்கிலை கிரிக்கெட் அடிக்கேல்லையே? போன கிழமை பந்தைப் பிடிக்கப் போய் விழுந்து எழும்ப ரெண்டு பேர் தூக்கினவையாம்."

மனிசன் முழங்காலைத் தடவிக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டார்.

நீச்சலுடுப்பை போர்கோ வெக்கியோ சந்தையில் வாங்கினேன். கடைக்காரன் சும்மா தரவில்லை. இரண்டு துண்டு உடுப்பொன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "பெல்லா, அழகி, இது உனக்கென்றே தைத்தது!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான். பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த எங்கள் சனம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சிஞ்ஞோராவுக்குப் பாக்கிறன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, கை மணிக்கட்டு வரைக்கும், கால் முழங்கால் வரைக்கும் மூடுகிற ஒன்றைச் சுருட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

யப்பானில் தங்கை எனக்காக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். கோயில், கோயில், மலை, திரும்பவும் கோயில். "அடியே, கோயில் பாக்கவே நான் பத்தாயிரம் கிலோமீற்றர் வந்தனான்? குளத்தைக் காட்டடி" என்றேன். அவள் பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, அடுத்த நாளே தன் ஊர் நகரசபைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே வாசலிலேயே கிழிந்தது. தலைக்குத் தொப்பி வேண்டும், சரி. தோடு, சங்கிலி கழற்ற வேண்டும், அதுவும் சரி. குளிர்ந்த ஷவருக்கு அடியால் போனால்தான் உள்ளே விடுவார்கள். பல்லுப் போன கிழவர், கைக்குழந்தை, பெரிய உத்தியோகத்தர் போலிருந்த ஒருவர் எல்லாரும் நடுங்கி நடுங்கிப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் எனக்கென்ன கோபம், நானும் நடுங்கிக்கொண்டு போனேன். வில்லங்கம் வந்தது என் கைக் காப்பால். கௌரி விரதம் முடிக்கிற அன்று கட்டிய நூல், அடுத்த வருட விரதம் வரைக்கும் அவிழ்க்க மாட்டேன். அதைக் கண்ட பணியாளர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் என் மணிக்கட்டைச் சுற்றி நின்று, அது நகையா இல்லையா என்று மெல்லிய குரலில் கூட்டம் நடத்தினார்கள். தங்கை அது சாமி நூல் என்று விளங்கப்படுத்தினாள். கடைசியில் தோல் நிறத்தில் பெரிய பிளாஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து, காயத்துக்கு ஒட்டுகிற மாதிரி அவ்வளவு கவனமாக நூலின் மேல் ஒட்டிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அம்மனுக்கு அப்படியொரு மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை.

உள்ளே போனால் சறுக்கு இல்லை! நீளமான ஒரு குளம். ஓர் ஓரத்தில் வயதானவர்கள் தண்ணீருக்குள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நீந்தவில்லை, நடக்கிறார்கள். கோயில் வீதி சுற்றுகிற மாதிரி ஒரே பக்கமாக, ஒரு சத்தமில்லாமல். எனக்கும் நீந்தத் தெரியாது என்பதால் போய்ச் சேர்ந்தேன், ஆனால் எதிர்ப்பக்கமாக. வந்த ஒவ்வொருவரும் நின்று, தலை குனிந்து, எனக்கு வழி விட்டுவிட்டுப் போனார்கள். என்ன பண்பான சனம் என்று நானும் ஒவ்வொருவருக்கும் குனிந்தேன். குனிந்து குனிந்து மூக்குக்குள் தண்ணீர் போனதுதான் மிச்சம். பிழையான பக்கம் நடக்கிறேன் என்று தங்கை சொல்வதற்குள் ஒரு சுற்று முடிந்துவிட்டது.

"இது ஆஸ்பத்திரிக் குளமடி. எங்கை சறுக்கு?" என்று அவளைப் பிடித்து ஏசினேன்.

அதனால் மூன்றாம் நாள் ரெயிலேறி, பெரிய குளங்கள் இருக்கிற இடத்துக்குப் போனோம். பனை உயரத்தில் நீலச் சறுக்கு. கண்டவுடன் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. படிக்கட்டில் வரிசை. நாற்பது நிமிடம் வெயிலில் படி படியாக ஏறி, எனக்கு முன்னால் மூன்றே மூன்று பேர் இருக்கும்போது விசில் ஊதினார்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் பத்து நிமிடம் எல்லாரும் கட்டாயம் கரையேறி இளைப்பாற வேண்டுமாம். சறுக்கும் நிற்குமாம், எல்லாரும் கீழே இறங்க வேண்டுமாம். "என்ன கோதாரி விழுந்த சட்டமடி இது! நான் களைக்கேல்லை எண்டு சொல்லு!" என்றேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

நூற்றுக்கணக்கான சனம் கரையில் வரிசையாகக் குந்தியிருந்தது. குளம் வெறுமையாகிவிட்டது. அப்போதுதான் அந்தக் குளத்தைக் கழுவுகிறவள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெரிய வெயில் தொப்பி, கழுத்தில் சின்னத் துவாய், கையில் நீளத்தடி வலை. இலைகளை அள்ளத் தொடங்கினாள். அள்ளினாளா? வலையை வேகமாகத் தள்ளினாள், இலை விலகி ஓடியது, அவள் பின்னால் ஓடினாள். ஐயோ, அப்படியில்லை! வலையைத் தண்ணீருக்குக் கீழே மெல்ல விட்டு, இலைக்கு அடியால் தூக்க வேண்டும். எனக்குக் கை துருதுருத்தது. ஒரு நிமிடம் பொறுத்தேன். சுவரில் இன்னொரு வலை சாத்தியிருந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. தங்கை "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டது கேட்டது.

நான் வலையோடு குளத்தின் ஓரத்தில் நின்றேன். முதல் வீச்சிலேயே ஆறேழு இலை. திரும்பி அவளுக்குக் காட்டினேன், இப்படித்தான் என்று. அவள் திடுக்கிட்டுப்போய்க் குனிந்தாள். நானும் குனிந்தேன். அவள் இன்னும் கீழே குனிந்தாள். நான் விடுவேனா? அத்தனை சனமும் ஒரு சத்தமில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூலைக்குப் போய் அங்கே சேர்ந்திருந்த குப்பையையும் எடுத்தேன்.

அவள் கிட்ட வந்தாள். சிரித்த முகத்தோடுதான், ஆனால் இரண்டு கையாலும் வலைத்தடியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. என்னவோ சொன்னாள். அதற்குள் முகமெல்லாம் சிவந்து ஓடிவந்திருந்த தங்கையிடம், "என்னவாமடி?" என்று கேட்டேன்.

"இது தன்ரை வேலையாம், அக்கா. நீங்கள் குளிக்க வந்தனீங்களாம். உங்களை வேலை செய்ய விட்டால் தனக்குத்தான் வெக்கமாம். போயிருந்து இளைப்பாறட்டாம்."

கையிலிருந்து தடி தானாக நழுவியது. பதினொரு வருடத்தில் யாரும் என் கையிலிருந்து அந்த வலையை வாங்கியதில்லை. போய்ச் சனத்தோடு சனமாகக் குந்தினேன்.

"ஏன் அக்கா இப்பிடி மானத்தை வாங்குறியள்?" என்றாள் தங்கை.

"வாயை மூடடி, நான் இளைப்பாறுறன்" என்றேன்.

விசில் ஊதியதும் முதல் ஆளாகப் படிக்கட்டுக்கு ஓடினேன். மேலே போனதும் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். கையை நெஞ்சில் குறுக்காக வை என்று சைகை காட்டினார்கள். வைத்தேன். "முருகா" என்று தொடங்கினேன். மிச்சம் முருகனுக்கே விளங்கியிருக்காது. வளைவில் வலது காதில் நிறையத் தண்ணீர், அடுத்த வளைவில் இடது காதில். தொம்மென்று விழுந்து, தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழும்பி நின்றால் தண்ணீர் என் இடுப்பளவுதான். இருமிக்கொண்டு சிரித்தேன், சிரித்துக்கொண்டு அழுதேன். திரும்பவும் ஏறினேன். ஏழு தரம் ஏறினேன். தங்கை மூன்றோடு கைவிட்டுவிட்டுக் கரையில் ஐஸ் சாப்பிடப் போய்விட்டாள்.

பின்னேரம் ஒலிபெருக்கியில் மெல்லிய இசை போட்டார்கள். மூடப்போகிறார்களாம். சனம் ஒவ்வொன்றாகக் கரையேறியது. நான் குளத்துச் சுவரில் தலையைச் சாய்த்து, கால்களை மிதக்க விட்டுக் கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது குளத்தில் நான் ஒருத்திதான். எனக்கு நேரே கரையில் அவள் வலையோடு நின்றுகொண்டிருந்தாள். சிரித்த முகம். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். சிஞ்ஞோரா எப்போது கரையேறுவார், எப்போது குளத்தை மூடிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று துவாயோடு நான் நிற்கிற நிற்பு அது. முகம் சிரிக்கும், உள்ளே "ஏறித் துலையன்" என்று ஓடிக்கொண்டிருக்கும். இவளும் தன் மொழியில் அதையேதான் சொல்லிக்கொண்டு நின்றிருப்பாள்.

"அக்கா, ஏறுங்கோவன். பாவம் அந்த மனுசி, பாத்துக்கொண்டு நிக்கிறா" என்றாள் தங்கை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரிந்துகொண்டே இன்னும் ஐந்து நிமிடம் கிடந்தேன்.