பிந்தி வரும் சிரிப்பு

முடிதிருத்தும் கடைக்காரருக்குக் கத்தரி ஓடுவதற்கு முன்னால் வாய் ஓடும். வந்தவர்களில் பாதிப் பேர் தலைக்காக வரவில்லை, அந்த வாய்க்காகத்தான் வந்தார்கள். அவர் கடைக்கும் பக்கத்துத் தையற்கடைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பொத்தான் தைக்கும் பெண்ணுக்கு எல்லாம் காதில் விழும். இங்கே எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு தனியாக வரும். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. ஒவ்வொரு வேடிக்கையையும் முடித்துவிட்டு, அதற்காகவே அவர் கத்தரியை நிறுத்திக் காத்திருப்பார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாமதத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். சண்டை வந்தால் சமாதானம் பேச மாட்டார். எதையாவது சொல்லிவிட்டு மூலையில் உட்காருவார். அவள் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். வாயை மூடச் சொல்வாள். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சிரிப்பாள். சண்டை முடிந்தது.

பக்கவாதத்தில் அவளுக்கு வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த பிறகு, ஒருநாள் முகம் துடைத்துவிட்டபடி பழைய வழுக்கைத் தலைக்காரர் கதையை எடுத்தார். பாதிக் கூலிதானே என்று அந்த மனிதர் கேட்டதற்கு இவர் சொன்ன பதில்: "வெட்டுற கூலி பாதிதாங்க. தேடுற கூலி முழுசு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரித்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பியது. அம்மா தேறிவிட்டாள் என்று மகளுக்குப் போன் போட்டார். பாதி நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, இருந்த சரக்கையெல்லாம் கொட்டினார். எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்ட ஒரு பராமரிப்புக்காரி வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் புரட்டிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டாள். ஒட்டிக்கொண்ட துணியைப் புண்ணிலிருந்து பிரித்தபோது மனைவி சிரித்தாள். இடது கை விரிப்பைப் பிடித்துக் கசக்கியது. சிரிப்பு நிற்கவில்லை.

"எதுக்கும்மா சிரிக்கிறா?"

"அது சிரிப்பு இல்லண்ணே. மூளையில அடிபட்டா சில பேருக்கு இப்படி வரும். வலிச்சாலும் வரும், பயந்தாலும் வரும். அவங்களால நிறுத்த முடியாது. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதை முடிவதற்குள் சிரித்தாளே! இவள் எந்தக் காலத்தில் முந்திச் சிரித்தாள்?

"அப்போ நான் சொல்றது அவளுக்குப் புரியுதா, இல்லையா?"

"அதை நான் எப்படிண்ணே சொல்ல? நல்லாப் பிடிங்க, இன்னும் முடியல."

பராமரிப்புக்காரி போன பிறகு, அதே வழுக்கைத் தலைக்காரர் கதையை மனைவிக்கு மறுபடி சொன்னார். பாதியிலேயே சிரிப்பு வந்தது. ஓயட்டும் என்று விட்டார். ஓய்ந்ததும் கடைவாயில் வழிந்ததைத் துடைத்தார். மீதியைச் சொல்லி முடித்தார். பிறகு அந்தக் காலத்தைப் போலவே கையை நிறுத்திக் காத்திருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் வேடிக்கை பேசவில்லை. கடையிலும் பேசவில்லை. "என்னப்பா, இப்பல்லாம் கத்தரி மட்டும்தான் பேசுது?" என்று கேட்டுப் பார்த்தவர்கள் மெல்ல வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஒன்றிரண்டு தலைகளை வெட்டும்போது, பழக்கதோஷம், கத்தரியைச் சற்று நிறுத்திப் பலகைப் பக்கம் காதைக் கொடுப்பார். அந்தப் பக்கம் இப்போது செருப்புக் கடை.