வலது தோள் முக்கால் அங்குலம்

புகைப்படக் கடைக்காரர் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. எள்ளுத்தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கி, அவர் தொடங்கிய தையற்கடையிலேயே மாட்டப்போகிறார்கள். குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே படத்தில் இரண்டு பேர் இருந்ததுதான் வம்பு. கோட்டும் முறுக்கு மீசையுமாக ஒருவர் நாற்காலியை நிறைத்திருந்தார். ஒல்லியான இன்னொருவர் பக்கத்தில் நின்றார்.

"உட்கார்ந்திருக்கிறவர்தான் தாத்தா. கடை முதலாளி நிப்பாரா? நிக்கிற ஆளை வெட்டிடச் சொல்லிட்டேன்," என்றார் அண்ணன்.

இப்போது கடையை நடத்துபவள் தங்கை. ஆளைத் தெரியாமல் கத்தரி வைப்பது அவள் கைக்குப் பழக்கமில்லை. பெட்டியின் அடியிலிருந்து பழைய அளவுப் புத்தகத்தை எடுத்தாள்.

வாடிக்கையாளர்களின் அளவுகளுக்கு நடுவே, கடை தொடங்கிய நாள் வரும்போதெல்லாம் எள்ளுத்தாத்தா தன்னையும் அளந்து எழுதியிருந்தார். 1868, இடுப்பு இருபத்தெட்டு. மறு வருடம் மனைவியின் பக்கம்: "கிட்டே விடவில்லை. கண்ணளவு." அதற்கடுத்த வருடம், "தானே வந்து நின்றாள்." பிறகு ஒரு குழந்தைச் சட்டை: "அளப்பதற்குள் உதைத்தான்." அவர் இடுப்பு முப்பத்தொன்றுக்கு ஏறி, காய்ச்சல் கண்ட வருடம் இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் வேறு கையெழுத்து: "நான்தான் அளந்தேன். அசையாமல் படுத்திருந்தார்." அடுத்த வருடம் பழைய கையெழுத்தே திரும்பியிருந்தது: "இருபத்தொன்பது. இனி நானே." தங்கை மூச்சை விட்டாள்.

எல்லா வருடமும் மாறாத வரி ஒன்று இருந்தது: "வலது தோள் முக்கால் அங்குலம் இறக்கம்."

"அண்ணா, நிக்கிறவர் தோளைப் பாருங்க."

"நல்ல தையற்காரன் தன் தோளைக் கோட்டுல மறைச்சிருக்க மாட்டானா?"

"தோளை மறைக்கலாம். தொப்பையை எங்கே கொண்டுபோய் மறைக்கிறது?" படத்தின் பின்புறத்தில் இருந்த தேதியையும் புத்தகத்தையும் சேர்த்துக் காட்டினாள். அதே மாதத்தில் ஒரு வாடிக்கையாளரின் பெயருக்கு நேரே, "படம் எடுக்கக் கோட்டு. இடுப்பு நாற்பத்திரண்டு" என்றிருந்தது.

அண்ணன் விடவில்லை. "சரி, இவர் வாடிக்கையாளர். அந்த நோஞ்சான் நம்ம தாத்தான்னு எப்படிச் சொல்றே?"

"உங்க சட்டைக்கு வலது தோள்ல மட்டும் உள்ளே துணி மடிச்சு வெச்சுத் தைக்கிறேன். இருபது வருஷமா."

"எனக்கா? எதுக்கு?"

"கழட்டிட்டுக் கண்ணாடியில பாருங்க."

அண்ணன் பனியனோடு நிலைக்கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றார். இடது தோளை இறக்கிப் பார்த்தார், வலதை ஏற்றிப் பார்த்தார். படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நோஞ்சான் அவரைப் போலவே சாய்ந்து நின்றார்.

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே நீ!"

"சொன்னா நீங்க கோணலா நடப்பீங்கன்னுதான்."

அப்போது புகைப்படக் கடைக்காரர் உள்ளே வந்தார். பனியனோடு நின்றவரைக் கண்டு தயங்கினார். "சார், நிக்கிறவரை வெட்டிடலாமில்ல?"

"யாரை வெட்டுறது? அவர் எங்க தாத்தாய்யா!" அண்ணன் பாய்ந்தார்.

"அப்ப உட்கார்ந்திருக்கிறவரை?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் படத்திலிருந்த கோட்டின் தோள் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சுருக்கமே இல்லை.

"அவரும் இருக்கட்டும்," என்றார் அண்ணன், சட்டையைத் தேடிக்கொண்டே. "அந்தக் கோட்டு தாத்தா தைச்சது."