ஒரு மாதத்தில் இரண்டு போயா

நான் எழுதிப் பழகியவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத்து கோணலாக வரும், முன்னது பின்னதாகிவிடும், மறதியும் கூடிவிட்டது. அதைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். இந்த வயதில் நான் அதில் போய்ச் சேர்ந்ததற்கு மருமகள்தான் காரணம். என் ஒரே மகன் லண்டனில் இருக்கிறான். அவன் கட்டினது வெள்ளைக்காரப் பிள்ளை. நான் போன் பண்ணினால் பாதி நாள் அவள்தான் எடுப்பாள். நல்ல பிள்ளை, ஏதோ அன்பாகத்தான் கேட்பாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓகே, ஓகே என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகு வெட்கமாக இருக்கும்.

மகன் கடைசியாக வந்தது அவன் அப்பாவின் அடக்கத்துக்கு. அது நாலு வருசம். நத்தார்ப் பண்டிகை முடிந்த ஒரு ஞாயிறு, எப்போ வருவாய் மகன் என்று கேட்டேன். லீவில்லை, வேலை கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டு வந்தவன், "இனி வாறதெண்டா ஒன்ஸ் இன் எ புளூ மூன்தான், அம்மா" என்றான். விளங்கவில்லை என்று சொல்லக் கூச்சம். ஓம் ஓம் என்றுவிட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் வகுப்பில் வானத்துப் பாடம் வந்தது. மிஸ் ஒரு தாள் தந்தா. முன்பக்கம் சொற்கள். பின்பக்கம் அந்தச் சொற்களை வைத்து ஆட்கள் கதைக்கிற கதைகள். அன்றைக்கு முன்பக்கம் மட்டும்தான். ஓர்பிட் என்றால் சுற்றிவருகிற பாதை. கிராவிட்டி என்றால் பூமி எங்களைப் பிடித்து இழுக்கிறது. "எங்கட மனுசனுக்கு அது கட்டிலிலதான் கூட, மிஸ்" என்றா ஜிந்துப்பிட்டியிலிருந்து வாற அக்கா. மண்டபமே சிரித்தது. லைட் இயர் என்பதைக் காலம் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், தூரமாம். வருசம் என்று பெயர் வைத்துவிட்டு அது எப்படித் தூரமாகும் என்று அன்றைக்கு யோசித்தேன். இப்போது யோசிக்கிறதில்லை.

பிறகு மிஸ், புளூ மூன் என்றா. என் கொப்பியில் இருந்த அதே சொல். ஒரே மாதத்தில் இரண்டு பூரணை வந்தால் இரண்டாவதுக்கு அந்தப் பெயராம். "நீலமா இருக்காது. எங்கட கணக்குக்கு, ஒரு மாசத்தில ரெண்டு போயா" என்று விளங்கப்படுத்தினா.

வீட்டுக்கு வந்ததும் கலண்டரைத்தான் புரட்டினேன். கொஞ்ச மாதம் தள்ளி, ஒரு மாதத்தின் தொடக்கத்தில் ஒரு போயா, கடைசியில் இன்னொன்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஒன்ஸ் என்றால் ஒருக்கால் என்று எனக்குத் தெரியும். அப்போ அந்த நாளில் ஒருக்கால் வாறான். படித்த பிள்ளை, நாளைக்கூட இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான் என்று பெருமையாகவும் இருந்தது. அடுத்த சனி முழங்கால் வீங்கி வகுப்புக்குப் போகவில்லை. தாளின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் படிப்பித்தார்களாம். நானாக வாசிக்க எனக்கு ஏலாது.

மகனிடம் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்படுவான். கீழ்வீட்டுத் தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன். பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அது சொல்லேல்லை என்றேன். ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு போய், அவன் படுக்கிற கட்டிலுக்கு நல்ல விரிப்பு ஒன்று கொண்டுவந்து தந்தாள்.

போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டு. முதல்நாளே ஆட்டிறைச்சி வாங்கிக் காய்ச்சி வைத்தேன். அவனுக்கு ஒருநாள் பழைய கறிதான் பிடிக்கும். ஞாயிறு பூசை முடிந்து ஓடிவந்தேன். ஓட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் போனது. பின்னேரம் ஆறு மணி தாண்டி, கிழக்கே ஒருகொடவத்தைப் பக்கம் நிலா எழும்பியது. மஞ்சளாக, பெரிதாக.

போன் பண்ணினேன். மருமகள்தான் எடுத்தாள். முதல்தரமாக அவளோடு வசனமாகக் கதைத்தேன். "டுடே புளூ மூன். ஹீ கமிங்?" அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மெல்ல ஏதோ சொல்லி மகனிடம் போனைக் கொடுத்தாள்.

கலண்டர் பார்த்த கதையை அவனுக்குச் சொன்னேன்.

"அம்மா, அது நாள் இல்லை. நடக்காத விசயத்தை அப்பிடிச் சொல்லுறது."

"ஓம் மகன், தெரியும். சும்மா கேட்டனான்."

"சாப்பிட்டீங்களா?"

ஓம் என்றேன்.

கறியைச் சட்டியோடு கீழ்வீட்டில் கொடுத்தேன். விரிப்பையும் மடித்துக் கொடுத்தேன்.

பிறகு வகுப்புக்குப் போனபோது, வேறு ஆருக்கோ நடந்த மாதிரி மிஸ்ஸிடம் கேட்டேன். நடக்காததுக்கு இல்லை, எப்போதாவது அருந்தலாக நடக்கிறதுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றா. மகன் அங்கே இருபது வருசமாக இங்கிலீஷிலேயே இருக்கிறவன். மிஸ் சின்னப் பிள்ளை, கொழும்பை விட்டு எங்கும் போனதில்லை. ஆர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதினதில் வேறு பிழை இருந்தால் இருக்கட்டும். இதை மட்டும் இங்கிலீஷ் தெரிந்த ஆராவது சரிபார்த்துச் சொல்லுங்கோ. எப்போதாவதா, இல்லாட்டி இல்லவே இல்லையா?