கொக்கு கேட்ட கொடி

ரூலஃப் தம்மிங்காவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான ஃபேன்டர்ஹோர்னில் அவரைப் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவருடைய அம்மா. அந்த அம்மாளும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஊரில் அவருக்குப் பெயர் கொக்கு. பந்தாடிய காலத்தில் வந்த பெயர். ஆறடி மூன்றங்குலம், தீக்குச்சிக் கால்கள். எங்கள் வாய்க்கால் ஓரங்களில் சாம்பல் கொக்கு தவளைக்கு நிற்குமே, அப்படி எதிரணியின் கோல் முன்னால் போய் நிற்பார். மற்றப் பத்துப் பேரும் சேற்றில் புரண்டு பந்தைக் கொண்டுவந்து சேர்த்தால், ஒரு தட்டு. கோல். கட்டிப்பிடிக்க ஓடி வருகிறவனை "சேறு, சேறு" என்று கையால் தடுப்பாராம். கூட ஆடிய என் அப்பா சொன்னது.

என் அப்பாவும் தாத்தாவும் உருளைக்கிழங்கு மாவு ஆலையில் மூட்டை தூக்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். திரும்பிய வாரமே கிளப் தலைவர் எக்பர்ட் என் கையில் கிளப்பின் மாதப் பத்திரிகையைத் திணித்துவிட்டார். "படிச்ச பய நீதான். நீயே எழுது." அதனால் எழுதுகிறேன்.

கதை நான் பிறப்பதற்கு முன்பே, 1988 மே மாதத்தில் தொடங்குகிறது. சின்ன ஊர்க் கிளப்புகளின் ஆட்டத்துக்கு மேலிடத்திலிருந்து நடுவர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு கிளப்பும் தன் ஆளைத்தான் நிறுத்தும். தன் கோல் இருக்கிற பாதியில் அவர் ஓடுவார். எதிரணிக்காரன் நம் தடுப்பாட்டக்காரர்களை முன்கூட்டியே தாண்டி நின்றானா, ஆஃப்சைடா என்று பார்ப்பது அவர் வேலை. பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இக்கட்டான நேரத்தில் கொடி நம் பக்கம் சாயும். அவர்கள் ஊரில் அவர்கள் கொடி சாயும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்கள் கொடிக்காரர் ஹார்ம் வெல்டிங். திருச்சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக்கூடத் தொடமாட்டார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால்தான் நாங்கள் சனிக்கிழமை ஆடும் கிளப். அன்று பார்க்வோல்டேகாரர்களோடு கடைசி ஆட்டம். சமன் செய்தால் எங்களுக்கு மேல்பிரிவு. கடைசி நிமிஷத்தில் அவர்களுக்குக் கார்னர். பத்தொன்பது வயசு ரூலஃப் அதிசயமாகத் தடுக்க இறங்கி வந்தார். வந்தவர் கோல் கம்பத்தில் சாய்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் தலையில் பட்டு வந்த பந்தைப் பார்க்வோல்டேகாரன் உள்ளே தள்ளினான். கொக்கு கம்பத்தடியில் நிற்கும்போது அவரைத் தாண்டி எவனும் நிற்க முடியாது, ஆஃப்சைடும் ஆக முடியாது. ஆனால் ஹார்மின் கொடி மேலே போயிருந்தது. நடுவர் மூப்பரை நம்பினார். கோல் இல்லை. நாங்கள் மேலே போனோம். ஊரே ரெண்டு நாள் குடித்தது.

அப்படி மேலே போனதை வைத்துத்தான் நகரத்துக் கிளப் ரூலஃபை வாங்கியது. இரண்டாம் பிரிவில் பதினோரு வருஷம், நூற்று மூன்று கோல். ஐந்தாம் வருஷம் மாகாணப் பத்திரிகைக்காரன் ஒருவன் சின்ன வயசுக் கதை கேட்டான். இவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். கம்பம், கயிறு, கொடி. "எங்க ஊர் மூப்பர் ஹார்ம் வெல்டிங் ரொம்ப நல்லவரு. தேவைப்பட்டதத்தான் பாப்பாரு." பெயரோடு அச்சில் வந்தது. பக்கத்திலேயே இவர் பல் தெரியச் சிரிக்கும் படம்.

சபையில் ஹார்மைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் பாதிப் பேர் அன்றையக் கொண்டாட்டத்தில் குடித்தவர்கள். மூப்பர் பதவி போயிற்று. ஹார்ம் கொடியைச் சுருட்டிக் கிளப் அலமாரியில் வைத்தார். அதன் பிறகு திடலுக்கே வரவில்லை. அவருடைய மகள் யான்டினுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடத்தில் இவளைக் கண்டாலே பிள்ளைகள் கொடி தூக்குவதுபோல் கையைத் தூக்கிக் காட்டுவார்களாம்.

ரூலஃபுக்கு முழங்கால் போயிற்று. பயிற்சியாளர் படிப்புப் படித்தார். ஐந்து கிளப்புகளுக்குப் பயிற்சியாளராகப் போனார், ஐந்திலும் துரத்தினார்கள். வாழ்நாளில் ஓடாத மனுஷன் மற்றவர்களை ஓடச்சொல்லிக் கத்தினால் எவன் கேட்பான்? கடைசியில் 2022இல், குறைந்த சம்பளத்துக்கு வேறு யாரும் வராததால், எக்பர்ட் இவரை இங்கேயே கூட்டிவந்தார். முதல் நாள் பயிற்சியில் "ஓடுங்கடா கழுதைகளா!" என்றார். "நீங்க ஓடிக் காட்டுங்க கோச், பாத்துக் கத்துக்கறோம்" என்றான் தைமன், எங்கள் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். இரண்டாம் அணியிலிருந்து என்னைக் கழற்றிவிட்டபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. "யுனிவர்சிட்டில ஓடக் கத்துக்குடுக்கலையா?" அதை நான் மறக்கவில்லை.

கொடி இப்போது யான்டின் அக்கா கையில் இருந்தது. தபால்காரி. அப்பா வைத்த கொடியை அலமாரியிலிருந்து எடுத்து ஏழு வருஷமாகப் பிடிக்கிறாள். அவள் கொடி எவன் பக்கமும் சாயாது. அதனால் நாங்கள் இழந்த புள்ளிகளை எக்பர்ட் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் சனிக்கிழமைதோறும் மழையில் ஓட வேறு ஆள் இல்லை. ரூலஃபோடு அவள் இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

2024 மே. கடைசி ஆட்டம். மறுபடியும் பார்க்வோல்டே, எங்கள் திடலில். சமன் செய்தால் பிழைப்போம், தோற்றால் கீழ்ப்பிரிவு. கீழே போனால் ரூலஃபுக்கு ஒப்பந்தம் கிடையாது என்று கமிட்டி முடிவெடுத்திருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து வயசு. இதற்குக் கீழே அவரைக் கூப்பிட ஒரு கிளப் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

வியாழன் பயிற்சி முடிந்து கான்டீனில் உட்கார்ந்திருந்தோம். எக்பர்ட் கடுகுச் சாந்தில் பொரித்த இறைச்சி க்ரோக்கெட்டைத் தோய்த்தபடி, "யான்டின், சனிக்கிழம உன் கை கொஞ்சம் லேசா இருக்கட்டும், என்ன?" என்றார்.

"யாருக்காக?"

"கிளப்புக்காகம்மா."

"வேல போகப்போறது அவருக்குத்தான? அவரு கேக்கட்டும். அவரு வாயால."

எல்லோரும் ரூலஃபைப் பார்த்தோம். அவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத காபி.

"நான் எவகிட்டயும் எதையும் கேக்கமாட்டேன்," என்றார்.

"நல்லது. ஞாபகம் வச்சுக்குங்க," என்று சொல்லி அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஊரில் இருப்பதே எழுநூறு. ரூலஃபைக் கண்டதும் பார்க்வோல்டே கூட்டம் "கயிறு கட்டிட்டியா கொக்கு?" என்று கத்தியது. எங்கள் கூட்டமும் கூடச் சேர்ந்து சிரித்தது. சொந்த ஊர்க்காரன் ஒருவன்கூட எதிர்த்துக் கத்தவில்லை. நானும் கத்தவில்லை.

எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் எங்கள் கோல் இருந்த பக்கம்தான் எங்கள் பெஞ்சும். யான்டின் ஓடும் கோடு பெஞ்சிலிருந்து நாலடி. தைமனுக்குக் கெண்டைக்கால் பிடித்து, எங்கள் கோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "எந்திரிடா! முன்னால வாடா!" என்று ரூலஃப் தொண்டை கிழியக் கத்தினார். அவன் எழவில்லை. நடுவில் பந்தைப் பறித்த பார்க்வோல்டேகாரன் நீளமாக ஒரு பந்து போட்டான். அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் எங்கள் மற்றத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் தனியாக நின்றான். ஆனால் தைமன் உட்கார்ந்திருந்த இடம் அதற்கும் பின்னால். ஆஃப்சைடு இல்லை. குருடனுக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

"கொடி! யான்டின், கொடியத் தூக்கு! தூக்கும்மா!"

ரூலஃப் பெஞ்சை விட்டுக் கோடு வரைக்கும் ஓடி வந்திருந்தார். ஆமாம், ஓடி. அந்த மனுஷன் ஓடி நான் பார்த்தது அது ஒன்றுதான். இருநூறு பேருக்கும் கேட்டது. யான்டின் அவர் பக்கம் திரும்பவில்லை. கொடி அவள் தொடையோடு ஒட்டித் தொங்கியது. பந்து வலைக்குள் போயிற்று.

அப்படியே தோற்றோம். நடுவர் கடைசியாக ஊதிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கேட்டுட்டீங்க," என்றாள். அவ்வளவுதான். கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை ரூலஃப் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேலை போன கடிதம் அன்று காலையே கிடைத்திருந்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"பத்திரிகைல எழுதுவியா?"

"எழுதுவேன்."

"நான் கத்துனதையும்?"

"அதத்தான் முதல்ல."

"அது ஒரு நொடிப்பா. வாய்ல தானா வந்திருச்சு."

"ஹார்முக்கும் ஒரு நொடிதான். கை தானாப் போயிருச்சு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்கே நாலு பக்கம் எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று பட்டது. மறுநாள் யான்டின் அக்காவைத் தபால் சைக்கிளோடு வழிமறித்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்க," என்றாள். "அப்படியே அவர மாதிரி."

"என்னக்கா சொல்றீங்க?"

"எங்கப்பாவ அவரு பேப்பர்ல போட்டுச் சிரிச்சாரு. நீ அவரப் பேப்பர்ல போட்டுச் சிரிக்கிற. அந்தக் கோல் சரியான கோல். அத மட்டும் போடு."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிதித்துப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பட்டம் வாங்கினவனுக்குத் தபால்காரி திருத்தம் சொல்கிறாளே என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அந்த மாதப் பத்திரிகையில் நாலு வரிதான் போட்டேன். கோல் சரியான கோல் என்றும் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சிறுவர் போட்டி. எங்கள் கிளப்பில் கான்டீன் முறை எல்லோருக்கும் உண்டு. தலைவர், பயிற்சியாளர், கோல்கீப்பரின் மாமியார், யாரானாலும் வருஷத்தில் ஆறு நாள் கல்லாவுக்குப் பின்னால் நிற்கவேண்டும். பட்டியலை ஆகஸ்டிலேயே ஒட்டிவிடுவார்கள். அன்றைய தேதியில் ரூலஃப் பெயர் இருந்தது. அதை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வந்தார். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இடது பீர்க் குழாய்க்குப் பின்னால் நின்றார். வலது குழாயில் தைமனுடைய அம்மா. வலது பக்கம் வரிசை வாசல் வரை நீண்டது. இடது பக்கம் ஒருவரும் போகவில்லை. கொக்கு தனியாக நின்றது. "தவளை சிக்கலையோ?" என்று எவனோ சொன்னான். வரிசை முழுக்கச் சிரிப்பு.

யான்டின் உள்ளே வந்தாள். வரிசையைப் பார்த்தாள். நேராக இடது பக்கம் போனாள்.

"ரெண்டு காபி. ஒண்ணு பால் இல்லாம." ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். மற்றதை அவர் பக்கமே தள்ளினாள். "அது அப்பாவுக்கு. வெளிய வண்டில இருக்காரு. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வலது குழாயில் பீர் வழிந்துகொண்டே இருந்தது. ரூலஃப் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்குப் போனோம், வெட்கமில்லாமல். வண்டிக் கண்ணாடி ஒரு சாண் அளவுக்கு இறங்கியது. ஒரு கிழட்டுக் கை வெளியே வந்து கோப்பையை உள்ளே வாங்கியது. கண்ணாடி ஏறிவிட்டது. ரூலஃப் அங்கேயே கொஞ்சநேரம் நின்றார். கண்ணாடி மறுபடி இறங்கவில்லை.

உள்ளே வந்து துணியால் கல்லா மேசையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நாலு வரிதான் போட்டிருக்க."

"யான்டின் அக்கா வேணாம்னாங்க."

"முழுசாப் போடு. கத்துனது, கயிறு கட்டுனது, எல்லாத்தையும். எம் பேரோட."

"எதுக்கு?"

"அவரு பேரோடதான நான் போட்டேன்."

பின்னால் எக்பர்ட் சத்தம் போட்டார். "டேய் கொக்கு, பேசிட்டே நிக்காத! இங்க ஒரு பீர்!" அவர் மட்டும் இடது பக்கம் வந்திருந்தார். வலது பக்க வரிசை நீளமாக இருந்ததால்தான். ரூலஃப் குழாயைத் திறந்தார்.