உச்சியில் இரண்டு குழாய்

அடிவரிசையை மட்டும்தான் தேவபிரசாதம் எண்ணுவார். குடை நுனியால் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டே போய், கடைசிக் குழாயில் நின்று கண்ணை மூடுவார். உதடு முணுமுணுக்கும். "இருவது இன்டு இருவத்தொண்ணு, பை ரெண்டு. இருநூத்திப்பத்து. எழுதிக்கிடும்!" வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து கூம்பிக்கொண்டே போகும் அந்த அடுக்கில் மற்றவர்கள் ஏறி இறங்கி எண்ணி முடிப்பதற்குள் இவர் டீயே குடித்திருப்பார்.

தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் டேலி கிளார்க். இறங்குகிற சரக்கை எண்ணி எழுதும் வேலை. பி.யு.சி.யில் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. கணக்கு மட்டும் கூடவே வந்தது. சந்தையில் சாத்துக்குடிக் கோபுரத்தைக் கண்டால் கால் நின்றுவிடும். "அண்ணாச்சி, அடியில அஞ்சுக்கு அஞ்சா? அப்ப மொத்தம் அம்பத்தஞ்சு." மனைவி கிரேசி பையைப் பிடித்து இழுப்பாள். "பழம் வாங்க வந்தியளா, பரீட்ச எழுத வந்தியளா?"

எழுபத்தாறாம் வருஷத்து ஆடிக்காற்றில் குடிநீர்க் குழாய்கள் வந்து இறங்கின. இரண்டு அடுக்கு, இரண்டிலும் அடியில் இருபது; அடுக்குக்கு இருநூற்றுப்பத்து என்று எழுதினார். கப்பல் தாளில் எடைதான் இருந்தது. எண்ணிக்கைக்கு இவர் எழுத்தே சாட்சி. முதல் அடுக்கு லாரி ஏறியபோது இருநூற்றொன்பதுதான் தேறியது.

"தேவபிரசாதம் கணக்கு தப்பாதே" என்றார் சூப்பர்வைசர். அப்படியானால் திருடியது காவல்காரர் சுடலைமாடன்தான் என்று முடிவாயிற்று. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு ஆணிகூட எடுத்ததில்ல சார்." சுடலைமாடன் இவரைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை இரண்டாவது அடுக்கின் அருகே நின்றபோது என்னவோ தோன்றி அண்ணாந்து பார்த்தார். உச்சியில் இருந்தது ஒற்றைக் குழாய் அல்ல. இரண்டு குழாய்கள் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன.

கிரேன் ஓட்டும் சிலுவையைக் கூப்பிட்டார். "அந்த அடுக்கும் இப்படித்தானா?"

"ஆமா. காத்து பேயா அடிக்குது, ஒத்தக் குழா உச்சியில நிக்கல. ரெண்டு அடுக்கையும் ரெண்டோட நிப்பாட்டிட்டோம்."

ஒன்றிலிருந்து கூட்டியிருந்தார். இரண்டிலிருந்து கூட்டியிருக்க வேண்டும்: இருநூற்றொன்பது.

நேரே ஆபீசுக்குப் போய் இரண்டு எண்ணையும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் 'என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஃபார்முலா சரிதான் சார். நாந்தான் உச்சியப் பாக்கல."

"சரி, ஆள் அனுப்பி சுடலைமாடனை வரச் சொல்லுவோம்" என்றார் சூப்பர்வைசர்.

"வேண்டாம் சார். நானே போறேன்."

சுடலைமாடன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பதறி எழுந்தார். அவர் மனைவி ஆறுமுகத்தாய் எழவில்லை.

"ஒம்ம மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் தப்பா எழுதிட்டேன். நாளைக்கே வேலைக்கு வாரும்" என்றார் தேவபிரசாதம்.

"வேல கெடக்கட்டும்" என்றாள் ஆறுமுகத்தாய். "கள்ளன் பொண்டாட்டின்னு கொழாயடியில எனக்கு ஒருத்தி வழி விடல. அதுக்கு என்ன சொல்லுதிய?"

தேவபிரசாதம் தெருவைப் பார்த்தார். நாற்பது வீடாவது இருக்கும். செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டார். சுடலைமாடனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்து, முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு அடுத்த கதவைத் தட்டினார்.