பிடுங்காமல் விட்ட இரண்டு பற்கள்

பாகலூர் மாதப்பனுக்கு மங்கம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளை உள்ளே அழைத்துப் போய் வாயைத் திறக்கச் சொன்னார்கள். அவள் புகையிலை போடுகிறவளோ என்று அவர்களுக்குச் சந்தேகம். அவளுக்கு அப்போது பதினேழு வயது. முன் பற்களின் குறுக்கே காவி நிறத்தில் கோடு கோடாக ஓடியிருந்தது. அவள் வாயை ஆவென்று திறந்து, "மோந்தும் பாத்துக்கங்க" என்றாள். அந்தத் துணிச்சலே மாதப்பனுக்குப் பிடித்துவிட்டது என்று பின்னாளில் அவனே சொல்வான். ஆனால் அன்றைக்குப் பிறகு மங்கம்மா வெளியாட்கள் முன் சிரிக்கும்போது முந்தானை வாய்க்குப் போய்விடும்.

உத்தனப்பள்ளிக்கு மேற்கே அவள் பிறந்த சிற்றூரில் எல்லாருக்கும் பல் அப்படித்தான். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஏதோ ஓர் உப்பு. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்து முளைக்கும் பல்லிலேயே காவி ஏறியிருக்கும். எல்லாருக்கும் இருந்ததால் ஊரில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஊரை விட்டு வெளியே போனவர்களுக்குத்தான் அது குறை என்று தெரிந்தது. மங்கம்மாவுக்குப் பாகலூரில் தெரிந்தது. அவள் தம்பி திம்மராயனுக்குப் பெங்களூர்க் கல்லூரியில் தெரிந்தது.

தாய் பூவம்மாள் இறந்தபோது திம்மராயனுக்கு மூன்று வயது, மங்கம்மாவுக்குப் பன்னிரண்டு. அன்று இடுப்பில் ஏறியவனை அவள் இறக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் புருஷன் வீடு போனபோது, எட்டு வயதுத் தம்பியையும் கையோடு கூட்டிப் போனாள். பாகலூரில் பள்ளிக்கூடம் இருந்தது. தகப்பன் நாராயணப்பனும் சரி என்றார்.

"எல்லாரும் பொறந்த ஊட்லருந்து கறவ மாடு ஓட்டிட்டு வருவாங்க. எங்கூட்டுக்காரி ஒரு பையன ஓட்டிட்டு வந்தா. மாடா இருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்" என்று மாதப்பன் கேலி பேசுவான். ஓசூர் உயர்நிலைப் பள்ளியில் பையனைச் சேர்க்க வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தவனும் அதே மாதப்பன்தான்.

பெங்களூரில் பி.எஸ்ஸி. சேர்ந்த வருஷமே திம்மராயன் என்.சி.சி.யின் விமானப் பிரிவில் பெயர் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களை ஜக்கூர் மைதானத்துக்கு அழைத்துப் போவார்கள். ஒருநாள் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்தில் அவனுக்கு முறை வந்தது. இருபது நிமிஷம். அடுத்த விடுமுறைக்குப் பாகலூர் வந்தவன், களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்த அக்காவின் பின்னாலேயே நடந்து நடந்து அந்த இருபது நிமிஷத்தை இரண்டு மணி நேரம் சொன்னான்.

மங்கம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "மேல போனா காது அடைக்குமாமே?"

"அடைக்கும்க்கா. எச்சி முழுங்குனா தொறந்துக்கும்."

மறுநாள் அவன் கிளம்பும்போது புளியும் வெல்லமும் மிளகாயும் சேர்த்து இடித்த உருண்டைகள் ஒரு டப்பா நிறைய அவன் பையில் ஏறியிருந்தன. எச்சில் ஊறட்டும் என்று.

விமானப்படையில் விமானியாக வேண்டும் என்ற ஆசை அந்த மைதானத்தில்தான் பிறந்தது. வழி நீளமானது. முதலில் விண்ணப்பம், அதில் தகப்பன் சம்மதக் கையெழுத்து. நாராயணப்பன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல போறதுக்கு மட்டுந்தான் சொல்லித் தருவாங்களா, எறங்கறதுக்குமா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றதும், தெலுங்கு எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களை வடக்கே வரவழைத்து நான்கு நாள் சோதித்தார்கள். ஓட விட்டார்கள், பேச விட்டார்கள். கடைசியாக ஒரு எந்திரத்தின் முன் உட்கார வைத்து, நழுவி நழுவி ஓடும் ஒரு வெளிச்சப் புள்ளியைக் கையாலும் காலாலும் கட்டத்துக்குள் நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சோதனை வாழ்நாளில் ஒரே தடவைதான், தவறினால் மறுபடி கிடையாது. முப்பத்தெட்டுப் பேரில் ஆறு பேர் நின்றார்கள். திம்மராயன் ஆறில் ஒருவன்.

மிச்சமிருந்தது மருத்துவப் பரிசோதனை. அது பெங்களூரிலேயே, நான்கு வாரம் கழித்து.

வினை அதற்கு முன்பே, வடக்கே சோதனை முடிந்த இடத்தில் வந்தது. தேறிய ஆறு பேரில் ஒரு சென்னைப் பையன். நல்ல பையன்தான், விளையாட்டுப் பேச்சு. "எல்லாம் பாஸ் பண்ணிட்டே. பல்லுக்கு என்னப்பா பண்ணப் போறே? டென்டல் டாக்டர் தொறன்னுவார். பாத்ததும் மூடு, ஊருக்குக் கெளம்புன்னுவார்" என்று சொல்லிச் சிரித்தான். சொன்னவன் அடுத்த நிமிஷமே மறந்தான். கேட்டவன் மூன்று நாள் ரயிலில் அதையே மென்றுகொண்டு வந்தான்.

பாகலூர் வந்து சேர்ந்ததும் அக்காவிடம் சொன்னான். "உடம்புல ஒரு கொறையும் இருக்கக் கூடாதுக்கா. பெங்களூர் சிக்குப்பேட்டையில பல்லு செட்டு கட்டறவரு ஒருத்தரு இருக்காரு. மேல முன்னால நாலையும் எடுத்துட்டு வெள்ளையா கட்டிக்கிட்டா என்ன?"

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். மங்கம்மா சிரிக்கவில்லை. வாயைத் திறந்து காட்டச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தானே தெரியும். "எடுத்துரலாம்" என்றாள்.

மாதப்பன் குறுக்கே வந்தான். "இரு புள்ள. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"உங்கூட்டுப் பொம்பளைங்க என் வாயத் தொறந்து பாத்தப்ப நீங்க என்ன கேட்டீங்க?"

மாதப்பன் தலையைத் தடவிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அக்காவும் தம்பியும் போனார்கள். பல் கட்டுகிறவர் ஊசி போட்டுக் காத்திருந்து, முன்னால் நடுவிலிருந்த இரண்டு பற்களை எடுத்தார். தட்டில் விழுந்த பல்லை மங்கம்மா கையில் எடுத்துப் பார்த்தாள். வெளியே தெரிந்த பாகத்தில்தான் காவி. வேர் பால் போல வெளுத்திருந்தது.

அவர் மூன்றாவது பல்லுக்குக் குறடை எடுத்தார். இடப் பக்கத்துப் பல், ஓரத்தில் சின்னதாக ஒரு மூலை உடைந்தாற்போல் இருக்கும். தம்பி வாயைப் பெரிதாகத் திறந்தான். அந்தப் பல்லைப் பார்த்த மங்கம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

பூவம்மாளைப் படம் பிடித்து வைத்தவர் யாரும் இல்லை. பதினேழு வருஷத்தில் தாயின் முகம் மங்கம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வந்தது. முதலில் குரல் போனது, பிறகு கண் போனது. மிஞ்சியது ஒன்றுதான். அம்மா சிரித்தால் காவிக் கோட்டுக்கு நடுவே மூலை உடைந்த ஒரு பல் தெரியும். அந்தப் பல் உலகத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அதைத்தான் இப்போது குறடு பிடித்திருந்தது.

மங்கம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போதும். எடுக்காதீங்க."

"என்னம்மா இது, பாதியில விடறதுக்கு இது என்ன வேலி கட்டற வேலையா? நாலும் எடுத்தாத்தான் செட்டு சரியா உக்காரும்."

திம்மராயன் வாயில் பஞ்சோடு, எடுங்கள் எடுங்கள் என்று கையை ஆட்டினான். மங்கம்மா கையை விடவில்லை. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீக்கம் வடியட்டும். ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு அடுத்த சனிக்கெழம வாங்க" என்று குறடைக் கீழே வைத்தார்.

தெருவில் இறங்கியதும் திம்மராயன் பஞ்சைத் துப்பினான். பிறந்ததிலிருந்து அக்காவிடம் பேசாத பேச்சை அன்று பேசினான். "ரெண்டு ஓட்ட, ரெண்டு கற. முன்னயாச்சும் ஒரே மாதிரி இருந்துது. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்? எனக்குன்னு இருந்தது இந்த ஒண்ணுதான்க்கா. அதையும் கெடுத்துட்ட."

மங்கம்மா காரணம் சொல்லியிருக்கலாம். நடுத்தெருவில் ஒரு பல்லுக்காக அம்மா பேரை இழுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் கல்லூரி விடுதிக்கு நடந்தான். அவள் தனியாகப் பாகலூர் பஸ் ஏறினாள்.

அந்த வாரம் அவன் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, மாதப்பன் ஒரு தூக்குச் சட்டியோடு விடுதி வாசலில் வந்து நின்றான்.

"அவ சோறு தண்ணியில்லாம கெடக்கறான்னு சொல்ல வந்தேன்னு நெனச்சுக்காத மச்சான். நல்லாத்தான் தின்னுறா. தின்னுட்டு அழுவறா."

திம்மராயன் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். மாதப்பன் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினான். "நாளைக்கிப் போய் மிச்சத்த எடுக்கப் போறியா?"

"ஆமா மாமா."

"எடுத்துக்க. உன் வாய், உன் பல்லு. ஆனா அவ ஏன் தடுத்தான்னு தெரிஞ்சுக்கிட்டு எடு. நாலு நாளா கேட்டுக் கேட்டு, நேத்துத்தான் சொன்னா." சொன்னதை அவன் அப்படியே சொன்னான். மூலை உடைந்த பல்லைப் பற்றிச் சொல்லும்போது தன் பல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினான். "உங்கம்மாவ நானும் பாத்ததில்ல. அவளுக்கே மறந்து போச்சாம். நீ சிரிச்சாத்தான் ஞாபகம் வருதாம்."

மூன்று வயதில் தாயை இழந்தவனுக்கு அம்மா என்றால் ஒரு பெயர், அவ்வளவுதான். மாமா போனதும் திம்மராயன் சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். விமானம் வேண்டுமானால் நாளை சிக்குப்பேட்டைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த டாக்டர் ஒரு பார்வையில் முடித்துவிடுவார். அவன் அப்படித்தான் நம்பினான். நம்பியும் சனிக்கிழமை சிக்குப்பேட்டைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. ஜக்கூருக்கும் போகவில்லை. போய்விட்டதை நினைத்து ஏங்குவானேன் என்று விட்டுவிட்டான்.

பரிசோதனைக்கு மட்டும் போனான். போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று. கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள், கால் நீளத்தை அளந்தார்கள். மூன்றாம் நாள் பல். பாலக்காட்டுப் பக்கத்து அதிகாரி ஒருவர், சின்னக் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாக எண்ணி எழுத்தரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். முன் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இது ரெண்டும் எப்படிப் போச்சு? அடிதடியா?"

"பிடுங்கிட்டேன் சார். கறையா இருந்துதுன்னு."

அதிகாரி கண்ணாடியைத் தட்டில் வைத்தார். எழுத்தர் கையிலிருந்த படிவத்தை வாங்கி அவன் முன் நீட்டினார். "இதிலே கறைக்கு ஒரு கட்டம் இருக்கா, பாரு. கிடையாது. தண்ணியாலே வர்ற நிறம் அது. அதுக்கு நான் ஒரு புள்ளிகூடக் குறைக்க மாட்டேன். ஆனா மேலே முன்னாலே இருக்கிற ஆறிலே நாலு சொந்தப் பல்லா இருக்கணும். கட்டின பல்லு கணக்கிலே வராது." அவர் மறுபடி எண்ணினார். "நாலு இருக்கு. இன்னும் ஒண்ணு பிடுங்கியிருந்தா உன்னை இங்கேருந்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

திம்மராயனுக்கு வாய் மூடவில்லை.

"மிச்சத்தை ஏன் விட்டே?"

"அக்கா விடல சார்."

"ம். அக்கா என்ன, டாக்டரா?"

"இல்ல சார். அவரைக்காய் பறிச்சுக்கிட்டு இருக்கும் இந்நேரம்."

அவரைக்காய்தான் பறித்துக்கொண்டிருந்தாள். பனிக்காலத்து அவரை, பெங்களூர்ச் சந்தைக்குப் போவது. வரப்பில் தம்பி வருவதைப் பார்த்ததும் செடிகளுக்கு நடுவே நிமிர்ந்தாள். அவன் ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஆறு, நாலு, கறைக்குக் கட்டம் இல்லாத படிவம் எல்லாம். தன்னைப் படையில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றான்.

மங்கம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்த ரெண்டு பல்லும் இருந்திருந்தாலும் உன்ன எடுத்திருப்பாங்களா?"

"எடுத்திருப்பாங்கக்கா."

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "பாவி, நான்தானே கூட்டிட்டுப் போனேன். மாமா கேட்டுட்டுச் செய்யலாம்னாரு. நான்தானே..."

"வாயத் தொறந்தது நான்."

"ஊசி போடறப்ப பக்கத்துல நின்னது நான்."

அடுத்த பாத்தியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாதப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "ரெண்டு பேரும் பங்கு பிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க. எனக்கும் ஏதாச்சும் மிச்சம் இருந்தா வாங்கிக்கறேன்."

திம்மராயன் அக்காவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தெருவில் பேசிய பேச்சுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். வாயைத் திறந்து காட்டினான். "இதுல எதுக்கா அம்மா பல்லு?"

அவரைச் செடியின் பிசின் ஒட்டிய விரலால் மங்கம்மா அதைத் தொட்டுக் காட்டினாள். அதன் பிறகு அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். போய்விட்டது என்று நினைத்த கண்ணும் குரலும்கூடச் சொல்லச் சொல்ல வந்தன. அன்று பறித்த அவரை சந்தைக்குப் போகவில்லை.

பயிற்சிக்குப் புறப்படும் முன் விமானப்படைப் பல் மருத்துவரே நடுவிலிருந்த இடைவெளியில் இரண்டு பல் கட்டிக்கொடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தன. பெங்களூர் ரயில் நிலையத்தில் தம்பியை வழியனுப்ப வந்த மங்கம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும் வரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டும் யாரு பல்லோ என்னமோ. நீ சிரிக்கறப்ப பக்கத்துல இருக்கறதயும் காட்டிச் சிரி" என்றாள்.