பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்

குளுவாங் நீதிமன்றத் தாழ்வாரத்தில் என் வழக்கு அழைக்கப்படக் காத்திருந்தபோது, டாக்டர் ஸ்டெல்லா ஆரோக்கியம் காலமான செய்தி கைப்பேசியில் வந்தது. அதன்பின் உள்ளே சென்று வாதாடினேன். சரியாக வாதாடினேனா என்று உறுதியாகக் கூற இயலாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எக்ஸ்ரே நிபுணர். வளரும் பிள்ளையின் விரல், மணிக்கட்டு எலும்புகளின் முனையருகே படத்தில் ஓர் இடைவெளி தெரியும். வளர்ச்சி முடிய முடிய அது மூடிக்கொள்ளும். அதைக் கொண்டு எலும்பின் முதிர்ச்சியை மதிப்பிடுவதில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது.

ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில்தான் நாங்கள் அறிமுகமானோம். அவள் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. திருட்டு வழக்கில் மற்றவர்களோடு பிடிபட்டவள். பிறப்புப் பத்திரம் இல்லை. பெற்றோரும் உயிருடன் இல்லை. போலீஸார் பத்தொன்பது என்று எழுதி, பெரியவர்களின் சிறையில் வைத்துவிட்டனர். பதினெட்டு நிறையாதவள் என்றால் அவள் சிறார் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவள்.

நான் டாக்டரைத் தேடிப் போனேன். நீதிமன்ற உத்தரவுப்படி எடுத்த அவளுடைய கை எக்ஸ்ரே படம் அவர் மேசையில் இருந்தது, ஆனால் அவர் அதை இன்னும் வாசிக்கவில்லை.

“கூட வந்த கடுதாசியில பத்தொன்பதுன்னு போட்டிருக்காங்க, லாயர். நான் பார்த்துட்டேன். இப்போ வாசிச்சா என் கண்ணு பத்தொன்பதைத்தான் தேடும்.”

“அவ உள்ளே இருக்கா, டாக்டர். ஒவ்வொரு நாளும் எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் இல்லையா? பேர மறைச்சு, மத்த பிள்ளைங்க படத்தோட கலந்து வைக்கச் சொல்லியிருக்கேன். இன்னொரு டாக்டரும் தனியா பார்ப்பாங்க. கொஞ்சம் பொறுங்க லா.”

பொறுத்தேன் என்று சொல்ல முடியாது. தினமும் தொலைபேசியில் அழைத்தேன். ஒருநாள் அவர், “நீங்க கூப்பிட்டா எலும்பு சீக்கிரம் மூடிக்குமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இறுதியில் வந்த முடிவு: பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில். ஒரே எண்ணைத் தர முடியாதா என்று கேட்டேன். “நாம ஒப்பிட்டுப் பார்க்கற படங்கள் வேற நாட்டுப் பிள்ளைங்களோடது. அதுலயே ஒரே வயசுல ஒருத்தி முந்துவா, ஒருத்தி பிந்துவா. எலும்பு பர்த் சர்டிபிகேட் இல்ல, லாயர்” என்றார்.

சாட்சிக் கூண்டில் நின்ற டாக்டரிடம் அரசுத் தரப்பு வழக்குரைஞர் மலாயில் கேட்டார்: “இவளுக்குப் பதினெட்டு நிறைந்திருக்கலாம் அல்லவா?”

“நிறைந்திருக்கலாம்” என்றார் டாக்டர்.

என் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். நீதிபதி குறுக்கிட்டு, நிறைந்துவிட்டது என்று கூற முடியுமா என வினவினார்.

“முடியாது. அப்படிச் சொல்பவர் படத்தில் இல்லாததைச் சொல்கிறார்.”

சந்தேகத்தின் பலனை நீதிபதி அவளுக்கே அளித்தார். வழக்கு சிறார் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. வெளியே வந்து நான் நன்றி கூறினேன். டாக்டர் ஏற்கவில்லை. “அவளுக்குப் பத்தொன்பதா இருந்தா, சின்னப் பிள்ளைங்களோட கொண்டுபோய் விடறோம். பதினாறா இருந்தா, இத்தனை நாள் தப்பான இடத்துல வெச்சிருந்தோம். எப்படிப் பார்த்தாலும் தூக்கம் வராது, லாயர்.”

பின்னர் நாங்கள் சந்தித்தபோதெல்லாம் டாக்டர் முதலில் கேட்டது அவளைப் பற்றித்தான்.

ஸ்கூடாய் தேவாலயத்தில் டாக்டரின் இறுதித் திருப்பலிக்கு அவள் வந்திருந்தாள். சவப்பெட்டியருகே வைத்திருந்த புகைப்படத்தின் கீழ் அவருடைய பிறந்த தேதி அச்சிடப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கும் பதிவு ஆபீஸ்ல ஒரு தேதி போட்டுக் குடுத்துட்டாங்க, சார். அன்னைக்குக் கூட்டாளிங்க கேக் வெட்டறாங்க. அது சரியான தேதியா?”

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதிருக்க என்னைப் போன்றவர்களுக்குச் சட்டம் பயிற்சி அளிக்கிறது. ஆயினும் அக்கணத்தில் ஆமென்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

“தெரியாதும்மா” என்றேன்.

“ஒருதடவை நான் கேட்டப்போ டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னாங்க” என்றாள். சொல்லிவிட்டு, பெட்டியின் விளிம்பில் கைவைத்து நெடுநேரம் நின்றாள். வரிசை அவளைச் சுற்றி நகர்ந்தது. யாரும் அவளை விலகச் சொல்லவில்லை.

டாக்டர், நீங்களாவது இனி உறங்குங்கள்.